குளவிகளின் மறுநடவு: ஒரு சந்தாதாரரின் மதிப்புரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை எட்டு மணி ஆகும்போது, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் முந்தின நாள் இரவு ஏழு மணி. நான் மாலை ஷிப்டில் வேலை செய்பவன். பிற்பகல் மூன்று மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் வெளியே வருவேன். ஆகவே காலைப் பொழுது எனக்கே சொந்தம். அந்தக் காலைப் பொழுதுகளை 2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை சார்லட் ஹார்னெட்ஸ் என்னும் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிக்குக் கொடுத்தேன். இணையவழி நேரலைக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, பருவத்தின் 82 ஆட்டங்களில் எழுபதுக்குக் குறையாமல் பார்த்தேன். அணி 21 ஆட்டங்களில் வென்றது. 61 ஆட்டங்களில் தோற்றது. இந்த மதிப்புரை அந்தக் காணொளிச் சேவையைப் பற்றியது அன்று. அதன் வழியாக நான் வாங்கிய சரக்கைப் பற்றியது. புதிய முதலாளிகளின் கைக்கு மாறிய ஓர் அணி, தன் முதல் பருவத்தில், பணம் கட்டிப் பார்த்த ஒருவனுக்கு என்ன கொடுத்தது என்பதையே எடைபோட விரும்புகிறேன்.

சேவையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். படம் தெளிவாக இருந்தது. நம் ஊர் இணையம் திணறிய நாள்களில் மட்டும் பந்து பாதி வழியில் நின்று, திரும்ப உயிர் பெறும்போது எதிரணியின் கணக்கில் மூன்று புள்ளி கூடியிருக்கும். உள்ளூர் வருணனையாளர்களான எரிக் காலின்ஸும் டெல் கரியும் சந்தாப் பணத்தில் பாதிக்குச் சமம். காலின்ஸ், இருபது புள்ளி பின்தங்கிய ஆட்டத்திலும் ஒரு நல்ல எறிவைக் கண்டால் திருவிழாவில் மேளம் கேட்ட குழந்தையைப்போல் குரல் எழுப்புவார். அருகில் அமர்ந்திருக்கும் கரி, இதே அணிக்குப் பத்தாண்டு ஆடியவர், அடுத்த வினாடியே எந்தத் தடுப்பு வீரர் எங்கே கால் மாற்றினார் என்று அமைதியாக விளக்குவார்.

தோற்கும் அணியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலரும் கேட்டார்கள். முதற் காரணம் பெயர். ஹார்னெட் என்றால் குளவி. 1780இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது சார்லட்டுக்குள் படையோடு நுழைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், ஊரார் காட்டிய எதிர்ப்பைக் கண்டு அதைக் குளவிக்கூடு என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அணியின் பெயர் அங்கிருந்து வந்தது. அதே கார்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவில் தலைமை ஆளுநராகித் திப்பு சுல்தானோடு போரிட்டவர். பள்ளிச் சுற்றுலாவில் நாமெல்லாம் பீரங்கியைத் தொட்டுப் பார்த்த பினாங்குக் கோட்டை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரப்பர் மரத்தை அண்ணாந்து பார்க்காமல் கத்தி வைத்துக் குளவியிடம் கொட்டு வாங்கியவர்களின் பரம்பரையில் வந்தவனுக்கு, கார்ன்வாலிஸை விரட்டிய குளவியின் மேல் ஒரு மரியாதை ஏற்படுவது இயல்புதானே. 1990களில் இவ்வூர்ப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்ற, நீலப்பச்சை நிறத்தில் குளவி படம் போட்ட தொப்பி ஒன்று என்னிடம் இருந்ததும் ஒரு காரணம். அது அசல் அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் முதலாளி மாற்றம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துண்டாடலைக் கண்டுதான், எங்கள் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தாங்களே தோட்டம் வாங்கும் வழியாக, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். என்.பி.ஏ.வில் அப்படி ரசிகர்கள் பணம் சேர்த்து நடத்தும் அணி ஒன்றுகூட இல்லை. அங்கே முதலாளி மாறினால், ரசிகன் பெரட்டு என்னும் காலை வரிசையில் நிற்கும் தொழிலாளியைப்போல் புதிய துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சார்லட் மக்கள் அப்படி ஏற்கெனவே ஒருமுறை நின்று அடிபட்டவர்கள். 1988இல் தொடங்கப்பட்ட ஹார்னெட்ஸ் அணிக்கு அந்த ஊர் கொடுத்த ஆதரவு சாதாரணமானதன்று. தொடர்ந்து 364 ஆட்டங்களுக்கு அரங்கின் நுழைவுச் சீட்டுகள் முழுதும் விற்றுத் தீர்ந்தன. பிறகு அப்போதைய முதலாளி ஜார்ஜ் ஷின் மேல் ஊராருக்கு வெறுப்பு ஏற்பட்டது. புதிய அரங்கம் கட்டும் தகராறும் சேர்ந்துகொண்டது. 2002இல் அணியைப் பெயரோடும் நிறத்தோடும் நியூ ஓர்லியன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2004இல் சார்லட்டுக்குப் பாப்கேட்ஸ் என்ற புதிய அணி கிடைத்தது. பழைய பெயர் திரும்பி வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2010இல் அணியின் பெரும்பங்கை வாங்கியவர் மைக்கேல் ஜோர்டன். ஆட்டக்காரராக ஆறு முறை சாம்பியன் பட்டம் வென்றவர். கூடைப்பந்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் தெரிந்த பெயர். முதலாளியாக அவர் கண்டது வேறு கதை. 2011-12 பருவம், சம்பளத் தகராற்றால் 66 ஆட்டங்களாகச் சுருங்கியபோது, அவரது அணி 7 ஆட்டங்களில் மட்டும் வென்று 59இல் தோற்றது. வெற்றி விகிதத்தில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக மோசமான பருவம் அதுதான். 2016க்குப் பிறகு அவர் காலத்தில் அணி பிளேஆஃப் என்னும் பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றில் காலடி வைக்கவில்லை. அவர் வாங்கியபோது அணியின் மதிப்பு சுமார் 275 மில்லியன் அமெரிக்க டாலர். 2023இல் பெரும்பங்கை விற்றபோது அதே அணியின் மதிப்பு மூன்று பில்லியன் டாலர்.

பதின்மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு வியாபாரத்தின் விலை ஏறத்தாழ பதினொரு மடங்கானது எப்படி என்று, பசியாறும் கடையில் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் தோட்ட முதலாளி எப்படிப் பணக்காரர் ஆனாரோ அப்படித்தான் என்றேன். அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ரப்பர்ப் பால் விலை எப்படிப் போனாலும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. மரத்தை வெட்டித் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி கட்ட விற்றவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். என்.பி.ஏ.வில் அந்த நிலம் என்பது தொலைக்காட்சிப் பணம். 2016-17 முதல் ஒன்பது பருவங்களுக்கு 24 பில்லியன் டாலர் என்று லீக் போட்ட தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் வருமானம் முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிந்தது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே பங்கு. மொத்தம் முப்பது இடங்கள்தாம் என்பதால், வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. ஆகவே ஒரு முதலாளி அணியைச் சரியாக நடத்துகிறாரா என்பதை அவருடைய சொத்து மதிப்பு சொல்லாது. பார்ப்பவன்தான் சொல்ல வேண்டும்.

வாங்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர்கள் கேப் பிளாட்கின், ரிக் ஷ்னால் என்னும் இருவர், பாடகர்கள் ஜே. கோலும் எரிக் சர்ச்சும் குழுவில் சிறு பங்காளிகள். ஜோர்டனும் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டார். பிளாட்கின் நடத்திய மெல்வின் கேபிடல் என்ற முதலீட்டு நிதியம், 2021 தொடக்கத்தில் கேம்ஸ்டாப் என்ற கணினி விளையாட்டுக் கடை நிறுவனப் பங்கின் விலை சரியும் என்று பணத்தைக் கட்டி, சிறு முதலீட்டாளர்கள் ஒன்றுகூடி விலையை ஏற்றிவிட்டதால் பெரும் நட்டம் கண்டு, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. குளவிக்கூட்டில் கை வைத்து ஒருமுறை கொட்டு வாங்கியவர், இரண்டாம் முறை கூட்டையே விலைக்கு வாங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஷ்னால் முன்பு அட்லாண்டா ஹாக்ஸ் அணியில் பங்கு வைத்திருந்தவர். இருவருமே ஆட்டக்களத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். கணக்குப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள். பதின்மூன்று ஆண்டுகள் ஆட்டக்காரர் ஒருவரின் நிருவாகத்தைப் பார்த்தபின், இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். விற்பனை முறைப்படி முடிந்தது 2023 ஆகஸ்டு 3ஆம் தேதி. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூன் மாதமே முடிந்துவிட்டது. ஒப்பந்தங்கள் போடும் ஜூலை மாதமும் கடந்துவிட்டது. இரண்டாம் இடத்தில் பிராண்டன் மில்லரைத் தேர்ந்ததும், லமெலோ பாலுக்கு ஐந்தாண்டு உச்ச ஒப்பந்தம் கொடுத்ததும் ஜோர்டன் காலத்து முடிவுகள். தோட்டம் கைமாறும்போது மரங்கள் ஏற்கெனவே நட்டிருக்கும். நல்ல மரமும் பட்டுப்போன மரமும் பழைய துரையினுடையவை. எனவே 61 தோல்விகளையும் புதியவர்கள் கணக்கில் எழுதுவது முறையன்று. அவர்கள் தாமாகச் செய்தவை எவை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பருவத்தின் முதல் ஆட்டம் சார்லட்டில், அட்லாண்டாவுக்கு எதிராக. ஷ்னாலின் பழைய அணியை அவருடைய புதிய அணி வீழ்த்தியது. அன்று நான் கூடுதலாக ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். அதன் பிறகு காயங்கள் வரத் தொடங்கின. அணியின் உயிர்நாடியான லமெலோ பால் நவம்பர் இறுதியில் வலது கணுக்காலைப் பிசகிக்கொண்டார். ஜனவரியில் திரும்பி வந்தார். அம்மாதக் கடைசியிலேயே மீண்டும் வெளியேறியவர் பருவம் முடியும்வரை வரவில்லை. ஆடிய 22 ஆட்டங்களில் சராசரியாக 23.9 புள்ளிகள் எடுத்தார் என்பது, இல்லாத 60 ஆட்டங்களின் வலியைக் கூட்டவே உதவியது. நான் அமரும் கடையின் முதலாளி அண்ணனுக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனால் 'பால்' என்ற பெயர் மட்டும் அவர் காதில் ஏறிவிட்டது. ஒவ்வொரு காலையும் தே தாரிக்கை வைத்துவிட்டு, "என்ன தம்பி, இன்னிக்கும் பால் இறங்கலையா?" என்று கேட்பார். "மழைண்ணே" என்பேன். அந்தப் பருவம் முழுதும் மழைதான். நடுவரிசையின் இளம் உயரக்காரர் மார்க் வில்லியம்ஸும் முதுகு வலியால் 19 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்.

டிசம்பரில் தொடங்கித் தொடர்ச்சியாகப் பதினொரு தோல்விகள். இந்த மாதத்தைப் பற்றி அதிகம் எழுதும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. முதற் கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்னடைவு, இரண்டாவதில் சற்று மீட்சி, மூன்றாவதில் சரிவு, நான்காவதில் மாற்று ஆட்டக்காரர்கள் என்ற ஒரே வாய்பாடு. ஜனவரி தொடக்கத்தில் சேக்ரமெண்டோவில் கிங்ஸ் அணியை வென்று அந்தச் சங்கிலி அறுந்தபோது, அது மேற்குக் கரை ஆட்டம் என்பதால் இங்கே பகல் பதினொரு மணிக்குத் தொடங்கியது. வேலைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் காலணியோடு நின்றுகொண்டே கடைசி நிமிடங்களைப் பார்த்தேன்.

என் முக்கியமான குறை இந்த இடத்தில்தான் எழுகிறது. புதிய முதலாளிகள் பழைய பொது மேலாளர் மிட்ச் கப்சாக்கையும் பயிற்றுநர் ஸ்டீவ் கிளிஃபர்டையும் அப்படியே வைத்துக்கொண்டு பருவத்தைத் தொடங்கினார்கள். வந்தவுடன் எல்லாரையும் துரத்தவில்லை என்பது பண்பாகத் தோன்றலாம். ஆனால் பார்ப்பவன் நிலையிலிருந்து சொன்னால், அக்டோபர் முதல் ஜனவரி வரை நான் பார்த்தது பழைய முதலாளியின் ஆட்டம். விலை மட்டும் புதிய முதலாளியின் விலை. என் தந்தையார் வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, புதிய நிருவாகம் முதல் ஆறு மாதம் எதையும் தொடாமல் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்றே சொன்னது; லயத்துத் தண்ணீர்க் குழாய் அந்த ஆறு மாதமும் ஒழுகியது. பார்ப்பதற்கும் ஒரு காலவரம்பு வேண்டும். லமெலோ பால் காயத்தில் இருந்த டிசம்பரிலேயே இந்தப் பருவம் தேறாது என்பது கடைக்கார அண்ணனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதல் மரம் வெட்டப்பட்டது. டெர்ரி ரோசியரை மயாமிக்குக் கொடுத்து, கைல் லவ்ரியின் முடியவிருந்த ஒப்பந்தத்தையும் 2027ஆம் ஆண்டுக்கான முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் பெற்றார்கள். ரோசியர் அப்போது ஆட்டத்துக்கு 23.2 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். அதாவது பால் நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்த மரம். லவ்ரியோ ஹார்னெட்ஸ் சட்டையை ஒருநாளும் அணியாமல், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் அதிகாலை நான்கு மணிக்கு, பரிமாற்றக் கெடு முடியுமுன் மேலும் இரண்டு மரங்கள் சாய்ந்தன. பி.ஜே. வாஷிங்டனை டாலஸுக்கு அனுப்பி, கிராண்ட் வில்லியம்ஸ், செத் கரி ஆகியோரையும் மற்றொரு 2027 முதல் சுற்று உரிமையையும் வாங்கினார்கள். நான்காண்டு 120 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் இருந்து, பாதி நேரம் காயத்தில் கழித்த கோர்டன் ஹேவர்டை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பி, டிரே மேன், வசிலியே மிச்சிச் முதலியோரைப் பெற்றார்கள்.

தோட்ட மொழியில் இதற்கு மறுநடவு என்று பெயர். ஒரு வகையில் இதைவிடத் துல்லியமான உவமை கிடைக்காது: இன்று செம்பனைக் கன்று நட்டால் மூன்றாம் ஆண்டில்தான் முதல் குலை இறங்கும், 2024 தொடக்கத்தில் வாங்கிய உரிமைகள் 2027இல்தான் ஆட்டக்காரர்களாக மாறும். ரப்பராக இருந்தால் ஐந்தாறு ஆண்டு. மறுநடவு செய்யாத தோட்டம் செத்துப்போகும் என்பதைக் கிராணி முதல் பால்வெட்டு வரை எல்லாரும் அறிவார்கள். ஆனால் கன்று வளரும் காலத்தில் யார் வயிற்றைக் கட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை எப்போதும் கீழே இருப்பவனிடம்தான் முடியும். சந்தா கட்டியவனுக்கு மறுநடவுக் காலத் தள்ளுபடி எதையும் எவரும் கொடுக்கவில்லை.

இருந்தாலும், அந்தப் பருவத்தில் நான் மிகவும் மகிழ்ந்த இரண்டு வாரங்கள் அந்த வெட்டுக்குப் பின்னர்தான் வந்தன. பத்துத் தொடர் தோல்விகளோடு இருந்த அணி, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையில் மெம்ஃபிஸை வென்றது; அதன்பின் இந்தியானாவையும் அட்லாண்டாவையும் யூட்டாவையும் வரிசையாக வீழ்த்தியது. நான்கு தொடர் வெற்றிகள்! ஊரில் பாதிக் கடைகள் அடைத்திருக்க, தூரத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்க, நான் கைப்பேசியைக் குடுவையில் சாய்த்து வைத்து அந்த ஆட்டங்களைப் பார்த்தேன். புதிதாக வந்த கிராண்ட் வில்லியம்ஸும் செத் கரியும் சார்லட்டில் வளர்ந்தவர்கள். செத் கரி, வருணனை மேசையில் அமர்ந்திருக்கும் டெல் கரியின் இளைய மகன். மகன் மூன்று புள்ளி எறியும்போது அப்பா குரலை மாற்றிக்கொள்ளாமல் பேச முயல்வதைக் கேட்பது தனி இன்பம். இவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் அல்லர். ஆனால் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்தார்கள், தடுப்பில் கையை உயர்த்தினார்கள், தவறினால் ஓடித் திரும்பினார்கள். கூலி ஒன்றாக இருந்தாலும் மனம் இருந்து வெட்டுகிறவனின் பட்டை தனியாகத் தெரியும் என்று என் தந்தையார் சொல்வார். அதை அந்த நான்கு ஆட்டங்களில் கண்டேன். மார்ச்சில் பழைய சரிவு திரும்பிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பருவம் முழுதும் சலிக்காமல் பார்க்க வைத்தவர் பிராண்டன் மில்லர். அவரைத் தேர்ந்த நாளில், ஸ்கூட் ஹெண்டர்சனைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலர். ஒல்லியான உடல், நீண்ட கை, அவசரமே இல்லாத எறிவு. முதல் ஆண்டிலேயே சராசரி 17.3 புள்ளிகள். சிறந்த அறிமுக ஆட்டக்காரர் தேர்வில் வெம்பன்யாமாவுக்கும் ஹோம்கிரெனுக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தார். டிசம்பரில் அவர் எதிரணியின் நெருக்கத்தில் தடுமாறியதையும், மார்ச்சில் அதே நெருக்கத்தில் ஒரு அடி பின்வாங்கி அமைதியாக எறிந்ததையும் ஒரே கண்ணால் பார்த்தவனுக்கு, 61 தோல்விகளுக்கு நடுவிலும் எதையோ வாங்கிய நிறைவு இருக்கும். சுருக்கக் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த வளர்ச்சி பிடிபடாது; முழு ஆட்டத்துக்கும் பணம் கட்டுவதன் பயன் இதுதான்.

ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மைல்ஸ் பிரிட்ஜஸ், குடும்ப வன்முறை வழக்கினால் 2022-23 பருவம் முழுதும் ஆடாதவர். லீக் அவருக்கு 30 ஆட்டங்கள் தடை விதித்து, அதில் 20ஐ ஏற்கெனவே கழிந்ததாகக் கணக்கிட்டதால், இந்தப் பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களுக்குப் பின் களம் இறங்கினார். ஆட்டத்துக்கு 21 புள்ளிகள் எடுத்தார். அவரைத் திரும்ப அழைத்த ஒப்பந்தம் பழைய முதலாளி காலத்தது. ஆனால் 2024 ஜூலையில் மூன்றாண்டுக்கு 75 மில்லியன் டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது புதியவர்களின் முடிவு. அவர் புள்ளி எடுத்தபோதெல்லாம் கைதட்ட என் கை எழவில்லை. என் மனைவி, "இவனையா காசு கட்டிப் பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். இந்த மதிப்புரையில் அது ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறது.

ஆட்களை மாற்றியதில் புதியவர்களின் கை தெளிவாகத் தெரிந்தது. பிப்ரவரியில் கப்சாக் ஆலோசகர் நிலைக்கு நகர்ந்தார். மார்ச்சில் புரூக்ளின் அணியிலிருந்து ஜெஃப் பீட்டர்சன் கூடைப்பந்து நிருவாகத்தின் தலைவராக வந்தார். ஏப்ரலில் கிளிஃபர்ட் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மே மாதம் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் துணைப் பயிற்றுநர் சார்ல்ஸ் லீ தேர்வானார். கிளிஃபர்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை: பாதிப் பேர் காயத்தில் இருந்தபோதும், தோற்ற ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர் முன் அமர்ந்து, எங்கே தவறினோம் என்பதைச் சாக்குச் சொல்லாமல் சொன்னவர். அவரை அவமானப்படுத்தாமல் ஆலோசகராக வைத்துக்கொண்டதை முதலாளிகளின் கணக்கில் வரவாகவே எழுதுகிறேன். ஒரு மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரை, வீட்டுக்கு அனுப்பும் விதத்தில் துரையின் குணம் தெரிந்துவிடும்.

மோசமான பருவத்துக்கு ஆறுதலாக, தோற்ற அணிகளுக்குப் புதிய ஆட்டக்காரரை முதலில் எடுக்கும் வாய்ப்பைத் தரும் டிராஃப்ட் குலுக்கலும் கைகொடுக்கவில்லை. போர்ட்லாண்டும் சார்லட்டும் ஒரே 21-61 கணக்கோடு கீழிருந்து மூன்றாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. முதல் உரிமைக்குச் சுமார் 13 விழுக்காடு வாய்ப்பு இருந்தும், கிடைத்தது ஆறாம் இடம். தோற்பதற்கு ஊக்கம் கொடுக்கக் கூடாது என்று 2019 முதல் கடைசி மூன்று அணிகளின் வாய்ப்பையும் 14 விழுக்காடாகச் சமப்படுத்திவிட்டார்கள். வேண்டுமென்றே தோற்பதில் முன்புபோல் லாபமில்லை. அந்த ஆறாம் உரிமையில் பிரான்சின் 18 வயது டிஜான் சலானை எடுத்தார்கள். அதுவும் கன்றுதான்.

அணியை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரங்கம் சார்லட் நகராட்சிக்குச் சொந்தமானது. அதைப் புதுப்பிக்க 215 மில்லியன் டாலர்வரை ஒதுக்க நகர மன்றம் 2022இலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக அணி 2045வரை அங்கேயே இருக்கும்படி குத்தகையை நீட்டித்துக்கொண்டது. லயத்தை ஊர்ப் பணத்தில் பழுது பார்த்து, தோட்டத்தின் லாபத்தை முதலாளி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது என்று கடைக்கார அண்ணன் சொன்னார். மறுக்க முடியவில்லை.

நட்சத்திரம் போடச் சொன்னால், புதிய முதலாளிகளின் முதலாண்டு நிருவாகத்துக்கு ஐந்தில் மூன்று: வெட்ட வேண்டியதை வெட்டினார்கள், சரியான ஆள்களைக் கொண்டுவந்தார்கள், ஆனால் நான்கு மாதம் தாமதித்தார்கள், பிரிட்ஜஸ் விஷயத்தில் எளிய வழியைத் தேர்ந்தார்கள். பார்ப்பவனின் இன்பம் என்ற அளவில் ஐந்தில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று மில்லருக்கும் மற்றொன்று வருணனை மேசைக்கும் உரியவை. வெற்றியை மட்டும் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு இந்த அணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊரில் கூடைப்பந்து கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கோ, ஒரு புதிய ஆட்டக்காரர் பிழையிலிருந்து எப்படித் தேறுகிறார் என்பதைக் காட்ட, மில்லரின் டிசம்பர் ஆட்டம் ஒன்றையும் மார்ச் ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. நவம்பர் முதல் மார்ச் முற்பகுதிவரை சார்லட்டின் உள்ளூர் ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்குக் காலை எட்டு மணிக்கு. அமெரிக்கர்கள் கடிகாரத்தை மாற்றிய பின் ஏழு மணிக்கு. காலை ஷிப்டில் இருப்பவர்கள் மாலையில் மறுஒளிபரப்பைப் பார்க்கலாம். ஆனால் கைப்பேசியின் அறிவிப்புகளை அணைத்துவிடாவிட்டால் மதியமே முடிவு தெரிந்துவிடும். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பொத்தானை வாங்கிய அன்றே நிறுத்திவிடுங்கள். பருவம் பாதி கடந்ததும் விலை குறைவது வழக்கம் என்பதால், இந்த ஆண்டு நான் அக்டோபரில் கட்டப் போவதில்லை. பரிமாற்றக் கெடு முடிந்து, யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தெரிந்த பிறகு, பிப்ரவரியில் கட்டுவேன்.